காப்லன் என்றொரு பெயர்: 'நார்த் பை நார்த்வெஸ்ட்' திரைப்படத்தின் நிலைபேறு

ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கத்தில் 1959ஆம் ஆண்டு வெளிவந்த 'நார்த் பை நார்த்வெஸ்ட்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் உளவுக்கதைப் படங்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. எர்னஸ்ட் லேமன் திரைக்கதை எழுத, கேரி கிராண்ட், ஈவா மேரி செயின்ட், ஜேம்ஸ் மேசன் ஆகியோர் நடிக்க, மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் தயாரித்த இப்படம் 136 நிமிடம் ஓடக்கூடியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1995இல் இடம்பெற்றது. இது பிறந்த பனிப்போர்ச் சூழல் 1991இல் சோவியத் ஒன்றியத்தின் சிதைவோடு முடிவுற்றது. கதையில் வரும் தந்தி, விடுதிக் கூடத்தில் பெயர் சொல்லி ஆளைத் தேடும் பணியாள், நுண்படச் சுருள் ஆகியனவும் வழக்கொழிந்தன. அக்காலத்து உளவுப் படங்கள் பல இன்று வரலாற்று ஆர்வத்திற்காக மட்டுமே பார்க்கப்படுகின்றன. இப்படமோ கதை முழுவதும் தெரிந்தவர்களாலும் மீண்டும் மீண்டும் பார்க்கப்படுகிறது.

இதற்குத் திறனாய்வாளர் கூறும் காரணங்கள் பல. வெட்டவெளியில் மனிதனை விமானம் துரத்தும் காட்சி, ரஷ்மோர் மலையின் கற்சிலை முகங்களின்மீது நிகழும் போராட்டம், பெர்னார்ட் ஹெர்மனின் இசை, கேரி கிராண்டின் கலையாத உடை எனப் பட்டியல் நீளும். இவை அனைத்தும் உண்மையே. எனினும் இவற்றுள் பெரும்பாலானவை பிறரால் எளிதில் எடுத்துக்கொள்ளப்பட்டவை. 1963இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' ஹெலிகாப்டர் துரத்தும் காட்சியை அமைத்தபோது ஹிட்ச்காக்கின் விமானத்திற்குக் கடன்பட்டது வெளிப்படை. பிறர் எடுத்துக்கொள்ளாத கூறு ஒன்று இப்படத்தில் உண்டு. அது ஒரு மொழிச் சிக்கல்: பொருள் இல்லாத ஒரு பெயர், மொழி வழக்கினால் மட்டுமே ஓர் ஆளாகி, உயிருள்ள ஒருவனைத் தனக்குள் இழுத்துக்கொள்வது. படத்தின் நிலைபேற்றுக்கு இதுவே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

கதையைச் சுருங்கக் கூறலாம். ரோஜர் தார்ன்ஹில் நியூயார்க்கின் விளம்பரத் தொழிலாளர்; இருமுறை மணமுறிவு பெற்றவர்; தாய்க்கு அஞ்சுபவர். பிளாசா விடுதியில் நண்பர்களோடு அமர்ந்திருக்கும்போது தாய்க்குத் தந்தி அனுப்ப நினைக்கிறார். அந்நேரம் பணியாள் ஒருவன் 'ஜார்ஜ் காப்லன்' என்ற பெயரைக் கூவிக்கொண்டு வருகிறான். தந்தி கொடுப்பதற்காகத் தார்ன்ஹில் கையை உயர்த்தி அவனை அழைக்கிறார். காப்லனைத் தேடிவந்த கையாள் இருவர் அக்கையசைவைப் பெயருக்கு வந்த விடையாகக் கொள்கின்றனர். அவர் கடத்தப்படுகிறார்; மது புகட்டி மலைப்பாதையில் காரோடு சாகவிடப்படுகிறார்; தப்புகிறார்; ஐக்கிய நாடுகள் மன்றக் கட்டடத்தில் நிகழ்ந்த கொலைக்குப் பழி ஏற்கிறார்; காவலருக்கும் உளவாளிகளுக்கும் தப்பி நாட்டின் வடமேற்கு நோக்கி ஓடுகிறார். தாம் காப்லன் அல்லர் என்று மெய்ப்பிக்க அவருக்கு இருக்கும் ஒரே வழி, உண்மையான காப்லனைக் கண்டுபிடிப்பது. காப்லன் என்று எவரும் இல்லை. பிலிப் வான்டாம் என்னும் பகைநாட்டு உளவாளியைத் திசைதிருப்ப அமெரிக்க உளவு நிறுவனம் ஒன்று உருவாக்கிய வெறும் பெயர் அது.

இக்கருத்தை ஹிட்ச்காக்கிற்குத் தந்தவர் ஓட்டிஸ் கெர்ன்சி என்னும் இதழாளர். இரண்டாம் உலகப்போரின்போது மத்தியக் கிழக்கில் பிரித்தானியத் தூதரகத்தார் இல்லாத ஓர் உளவாளியை உருவாக்கிப் பகைவரை அலைக்கழித்ததாகச் சொல்லப்பட்ட செய்தியே அதற்கு அடிப்படை. அப்போரில் இத்தகைய புனைவுகள் அரியன அல்ல. ஹுவான் புஹோல் என்ற ஸ்பானியர், 'கார்போ' என்ற மறைபெயரில், 27 கற்பனை ஒற்றர்களை உருவாக்கி அவர்கள் பெயரால் ஜெர்மானியருக்குச் செய்தி அனுப்பினார். 1943இல் பிரித்தானியர் ஓர் இறந்த மனிதனின் உடலுக்கு மேஜர் வில்லியம் மார்ட்டின் என்று பெயரிட்டு, சட்டைப் பையில் காதலியின் கடிதமும் நாடக நுழைவுச்சீட்டும் வைத்து ஸ்பெயின் கடலோரத்தில் மிதக்கவிட்டனர். அந்நிகழ்வைக் கூறும் 'தி மேன் ஹூ நெவர் வாஸ்' என்ற படம் 1956இல் வந்தது. அங்கே உடல் இருந்தது, பெயரைத் தேடிச் சேர்த்தார்கள். ஹிட்ச்காக் படத்தில் பெயர் இருக்கிறது. உடல் தற்செயலாகத் தானே வந்து சேர்கிறது. முன்னது திறமையான ஏமாற்று. பின்னது அச்சந்தருவது; ஏனெனில் அவ்வுடல் உயிரோடு இருக்கிறது, தன் பெயர் அதுவன்று என்று கூறிக்கொண்டும் இருக்கிறது.

சொல் ஒவ்வொன்றும் ஒரு பொருளை நோக்கியது என்னும் கருத்தோடு தொல்காப்பியப் பெயரியல் தொடங்குகிறது. அதனை அடுத்தே, சொல்லினால் பொருண்மையும் அறியப்படும், சொன்மையும் அறியப்படும் என்ற பாகுபாடு வருகிறது. சொல் தனக்குப் புறத்தேயுள்ள பொருளை உணர்த்துவது பொருண்மை; தன்னையே உணர்த்துவது சொன்மை. காப்லன் என்பது சொன்மை மட்டுமே உடைய பெயர். முயற்கொம்பு, ஆகாயத் தாமரை போன்ற வழக்குகளிலிருந்து இது வேறுபடுவதையும் கருத வேண்டும். முயற்கொம்பு என்று சொல்பவனும் கேட்பவனும் அது இல்லை என்பதை அறிவர். அந்த அறிவே அச்சொல்லின் பயன். காப்லன் என்ற பெயரை வழங்குவோருள் மிகச் சிலரைத் தவிர அனைவரும் அதற்குப் பொருள் உண்டென்றே நம்புகின்றனர். பெயரின் வலிமை அந்த நம்பிக்கையிலிருந்து பிறக்கிறது.

அந்நம்பிக்கை எவ்வாறு கட்டப்பட்டது என்பதைக் காட்டும் இடம் லேமனின் திரைக்கதைத் திறனுக்குச் சிறந்த சான்று. கடத்திவரப்பட்ட தார்ன்ஹில்லிடம் வான்டாம் 'காப்லனின்' பயண விவரத்தைப் படித்துக் காட்டுகிறார். பிட்ஸ்பர்க் விடுதியில் பதிவு செய்துகொண்டவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியைச் சேர்ந்த காப்லன். பிலடெல்பியாவில் அவரே பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த காப்லன். அடுத்துப் பாஸ்டன். டெட்ராய்ட்டில் பாஸ்டனைச் சேர்ந்த காப்லன். நியூயார்க்கின் பிளாசா விடுதியில், 796ஆம் எண் அறையில், டெட்ராய்ட்டைச் சேர்ந்த காப்லன். ஒவ்வோர் ஊரிலும் அவருக்குரிய ஊர் முந்தைய விடுதி இருந்த ஊரே. ஒரு பதிவேட்டின் உண்மைக்கு மற்றொரு பதிவேடே சான்று. குறிப்பான் குறிப்பீட்டைச் சென்றடையாமல் வேறொரு குறிப்பானையே சென்றடையும் இந்நிலையை அமைப்பியலாருக்குப் பிந்தையோர் நூல் நூலாக விளக்கினர். இங்கே ஒரு வில்லன் அதனை அரை நிமிடத்தில், தான் சொல்வது என்னவென்று அறியாமலேயே, எடுத்துரைத்துவிடுகிறான். பட்டியல் நீளநீளக் காப்லன் உறுதிப்படுகிறார் என்பது வான்டாமின் எண்ணம். இரண்டாம் முறை பார்ப்பவர்க்கோ அப்பட்டியலே காப்லன் இன்மைக்குச் சான்றாகிறது. உண்மையான மனிதன் எவனும் இவ்வளவு ஒழுங்காக முகவரி மாற்றுவதில்லை.

பெயர்கள் தம்மை உடையாரைச் சுட்டுவது, முதன்முதல் பெயரிட்ட நிகழ்விலிருந்து கைமாறிக் கைமாறி வரும் வழக்குத் தொடரினால் என்று சால் கிரிப்கி 1970இல் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் வாதிட்டார். காப்லன் என்ற பெயருக்கும் அத்தகைய தொடர் உண்டு. விடுதி எழுத்தர், அறைப் பணிப்பெண், துணி தேய்ப்பவன், கையாட்கள் என அது குறைவின்றி நீள்கிறது. தொடரின் தொடக்கத்தில் ஆள் இல்லை. வாஷிங்டனில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்த அலுவலர் சிலர் இருக்கின்றனர். சுட்டுச்சொற்களைப் பற்றிய ஆய்வால் மெய்யியலில் புகழ்பெற்ற டேவிட் காப்லனுக்கும் இல்லாத இவ்வுளவாளிக்கும் ஒரே குடும்பப்பெயர் அமைந்தது தற்செயலே. படம் அவருடைய ஆய்வுகளுக்கு முந்தியது.

796ஆம் அறைக் காட்சி இதன் தொடர்ச்சி. தார்ன்ஹில் தம் தாயுடன் அவ்வறைக்குள் நுழைகிறார். பணிப்பெண் அவரைத் தயக்கமின்றிக் காப்லன் என்றே அழைக்கிறாள். அவள் காப்லனை முன்னர்ப் பார்த்ததில்லை. இருப்பினும் 796ஆம் அறையில் இருப்பவர் காப்லன் அல்லாமல் வேறு யார் என்பது அவள் கணக்கு. காப்லனின் கோட்டை அணிந்து பார்க்கிறார். அது குட்டையாக இருக்கிறது. சீப்பில் பொடுகு இருக்கிறது. உடல் இல்லாதவருக்கு உடை அளவும் தலைப்பொடுகும் உண்டு! உளவு நிறுவனத்தார் தம் வேலையில் காட்டிய அக்கறை நகைப்பைத் தருவது. ஆயினும் கோட்டின் அளவு பொருந்தவில்லை என்ற சான்று யாரிடமும் எடுபடுவதில்லை. தொலைபேசி ஒலிக்கிறது, அவர் எடுக்கிறார். காப்லனின் அறையில் காப்லனின் தொலைபேசிக்கு விடையளித்தவர் தாம் காப்லன் அல்லர் என்று சொன்னால் அச்சொல்லுக்கு என்ன மதிப்பு?

இங்கே மறுப்பு ஏன் தோற்கிறது என்பது மொழியியலார் அறிந்த செய்தி. பிரான்சின் இன்றைய மன்னர் வழுக்கைத் தலையர் என்ற தொடரைப் பற்றி 1905இல் பெர்ட்ராண்ட் ரசலும், அவரை மறுத்து 1950இல் ஸ்ட்ராசனும் எழுதினர். மன்னர் வழுக்கையர் என்றாலும் வழுக்கையர் அல்லர் என்றாலும் மன்னர் ஒருவர் உண்டு என்பது இரு தொடரிலும் முன்கோளாக நிற்கிறது என்பது ஸ்ட்ராசன் வழியில் பெறப்படும் முடிவு. 'நான் காப்லன் அல்லேன்' என்று தார்ன்ஹில் சொல்லும்போதெல்லாம் காப்லன் என்று வேறொருவர் இருப்பதை அவரே உறுதிப்படுத்துகிறார். தம் மறுப்பினாலேயே பகைவரின் நம்பிக்கையை வளர்க்கிறார். தாமும் அதே நம்பிக்கையில் விழுந்து இல்லாத ஆளைத் தேடி அலைகிறார். மறுப்பதற்கு வழியுள்ள ஒரே தொடர் 'காப்லன் என்று எவரும் இல்லை' என்பது. அதைச் சொல்லக்கூடியவர்கள் வாஷிங்டனில் இருக்கின்றனர். அவர்கள் சொல்ல மறுக்கின்றனர்.

அந்த மறுப்பைக் காட்டும் குறுங்காட்சியிலேயே படத்தின் அறச்சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது. படத்தின் மூன்றில் ஒரு பகுதி முடியும் முன்பே அது வந்துவிடுகிறது. பெயர் சொல்லப்படாமல் 'பேராசிரியர்' என்று மட்டும் அறியப்படும் முதியவர் (லியோ ஜி. கேரல்) கூட்டத்தை நடத்துகிறார். தார்ன்ஹில்லைக் காப்பாற்ற ஒரு சொல் போதும். ஆனால் அச்சொல் வான்டாமின் அருகே இருக்கும் உண்மையான ஒற்றரைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே தார்ன்ஹில் காப்லனாகவே இருக்கட்டும் என்று முடிவாகிறது. ஒருவர் அது கொடுமை என்று முணுமுணுக்கிறார். ஒரு பெண் அலுவலர், எங்கிருப்பினும் தார்ன்ஹில் விடைபெறட்டும் என்னும் பொருளில் இரக்கத்தோடு ஒரு வாக்கியம் சொல்கிறார். கூட்டம் முடிகிறது. வேட்டுவர் மானைப் பிடிப்பதற்காகப் பழக்கி நிறுத்தும் மானைச் சங்க இலக்கியம் 'பார்வை' என்று குறிக்கும். பார்வையாவது மானாக இருந்தது. இவர்கள் நிறுத்தியது மானின் பெயரை மட்டும். வழியே போன ஒருவன் அதன் இடத்தில் நிற்க நேர்ந்தபின், அவனை அங்கேயே விட்டுவிடுவது ஆதாயமாகிவிடுகிறது.

ஹிட்ச்காக் இந்த உண்மையைப் படத்தின் இறுதிவரை மறைத்திருக்கலாம். இதற்கு முந்திய 'வெர்டிகோ' (1958) படத்திலும் அவர் மறைபொருளை இடையிலேயே பார்ப்பவர்க்குச் சொல்லிவிட்டார். முன்கூட்டிச் சொல்வதால் எதிர்பாராத திகைப்பு போகிறது; பதற்றம் கூடுகிறது என்பது அவர் பல நேர்காணல்களில் விளக்கிய கொள்கை. இப்படத்தில் அதன் பயன் வேறொன்றுமாகும். காப்லன் இல்லை என்று அறிந்தபின் நம் காதில் அப்பெயர் விழும்போதெல்லாம் அதன் ஒலி வேறாகிறது. கதை தெரிந்தும் பார்க்க முடிவதற்கு இதுவே காரணம். கதை தெரியாமல் பார்ப்பதே குறைவான அனுபவம் என்றும் கூறலாம்.

தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடப்பாகுபாட்டை இங்கே பொருத்திப் பார்ப்பது பயன் தரும். படர்க்கை உண்மையில் ஓர் 'ஆள்' அன்று, உரையாடலுக்குப் புறத்தே நிற்கும் வெற்றிடம் என்று பிரெஞ்சு மொழியியலார் எமில் பென்வெனிஸ்ட் வாதிட்டார். காப்லன் பிறந்தது படர்க்கையில். விடுதிப் பதிவேடுகளும் உளவறிக்கைகளும் 'அவர்' என்றே அவரைப் பேசுகின்றன. பிளாசா விடுதியில் கையாட்கள் தார்ன்ஹில்லைப் பற்றியபோது அப்பெயர் முன்னிலைக்கு வருகிறது. தன்மைக்கு வர நெடுநேரம் ஆகிறது. ஐக்கிய நாடுகள் மன்ற வரவேற்பு மேசையில், டவுன்சென்ட் என்ற அலுவலரைச் சந்திப்பதற்காக, தார்ன்ஹில் முதன்முதலாகத் தம் பெயர் காப்லன் என்று கூறுகிறார். வெளிவருபவர் அவர் முன்பு கண்ட டவுன்சென்ட் அல்லர். அந்தப் பெயரை வான்டாம் இரவல் வாங்கியிருந்தார். இரவல் பெயருடைய இருவர் நடுவே, தன் சொந்தப் பெயரோடு நிற்கும் ஒரே மனிதரான உண்மை டவுன்சென்ட், சில நொடிகளில் முதுகில் கத்தி பாய்ந்து இறக்கிறார். கத்தியைப் பிடுங்கிய தார்ன்ஹில்லின் புகைப்படம் மறுநாள் செய்தித்தாளில் வருகிறது.

இரண்டாம் முறை அவர் மனமறிந்து காப்லனாகப் பேசுவது ரஷ்மோர் மலையடிவார உணவகத்தில். பேராசிரியரின் திட்டப்படி ஈவ் கெண்டல் போலித் தோட்டாவால் அவரைச் சுடுகிறாள். காப்லன் எல்லோர் முன்னிலையிலும் 'இறக்கிறார்'. தன்மையிடத்தை முழுமையாக ஏற்ற உடனே அப்பெயர் மாள்கிறது. (இக்காட்சியில் பின்னணியில் அமர்ந்துள்ள சிறுவன் ஒருவன், துப்பாக்கி வெடிக்கும் முன்பே காதைப் பொத்திக்கொள்வதைப் பார்வையாளர் பலர் கண்டுபிடித்து மகிழ்வர். ஒத்திகைகளில் அந்த ஓசையைக் கேட்டுப் பழகியவன் போலும்!) இதற்குப் பின் வரும் மலைமுகப் போராட்டம் பெரும்புகழ் பெற்றது, ஆனால் படத்தின் மிகச்சிறந்த பகுதி அதுவன்று. காப்லன் மாண்டபின் எஞ்சுவது ஒரு பெண்ணை மீட்கும் வீரன் கதை. அதைச் செய்யப் பல இயக்குநர்கள் உண்டு.

தார்ன்ஹில்லின் தொழில் விளம்பரம் என்பதும் இத்தொடர்பில் கருதத்தக்கது. தொடக்கக் காட்சியில் உதவியாளருடன் விரைந்து நடந்தவாறே, மற்றொருவர் அழைத்த வாடகைக் காரை, உடனிருப்பவர் நோயாளி என்று பொய்சொல்லிப் பிடித்துக்கொள்கிறார். விளம்பர உலகில் பொய் என்பதே இல்லை, தேவைக்கேற்ற மிகைப்படுத்தல்தான் உண்டு என்று அதற்கு நியாயமும் கற்பிக்கிறார். பொருளுக்குத் தொடர்பில்லாமல் சொல்லைச் செலவழித்துப் பிழைப்பவர், பொருளில்லாத சொல்லில் சிக்குகிறார். லேமன் இதனைத் தண்டனை என்று சுட்டிக்காட்டாமல் விட்டது நன்று.

அவருடைய பெயரிலேயே ஒரு வெற்றிடம் உண்டு. ரோஜர் ஓ. தார்ன்ஹில் என்ற பெயரின் முதலெழுத்துகள் அவருடைய தீப்பெட்டியில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆர், ஓ, டி என்னும் அம்மூன்றும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் அழுகலைக் குறிக்கும் சொல்லாகிறது. நடுவிலுள்ள ஓ எதைக் குறிக்கிறது என்று தொடர்வண்டியில் ஈவ் கேட்கிறாள். எதையும் இல்லை என்பது விடை. தந்தை பெயரையோ ஊர்ப் பெயரையோ தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழ் வழக்கில் பழகியவருக்கு இவ்விடை கூடுதல் வியப்பைத் தரும். ஹிட்ச்காக்கின் முன்னாள் தயாரிப்பாளர் டேவிட் ஓ. செல்ஸ்னிக்கின் பெயரிலும் ஓ என்பது அவர் தாமே சேர்த்துக்கொண்ட, எதையும் குறிக்காத எழுத்து. எனவே இது ஒரு தனிப்பட்ட கேலியாகவும் இருக்கலாம். எனினும் படத்தின் இறுதியில் அதே தீப்பெட்டியே ஈவின் உயிரைக் காக்கிறது. வான்டாமின் வீட்டில் மறைந்திருக்கும் தார்ன்ஹில் அதில் எச்சரிக்கை எழுதி அவள் காலடியில் எறிகிறார். அதைக் கண்ட மற்றவர்க்கு அது வெறும் தீப்பெட்டி. அவளுக்கு மட்டும் ஆள் யாரென்று தெரியும். எதையும் குறிக்காத எழுத்து, இருவர்க்கிடையே நிகழ்ந்த ஓர் உரையாடலால், ஒருவரை மட்டும் குறிக்கும் சொல்லாகியிருக்கிறது.

படத்தின் தலைப்பும் இவ்வகையினதே. கப்பல் திசைகாட்டியின் 32 திசைகளுள் 'நார்த் பை வெஸ்ட்' உண்டு. 'நார்த்வெஸ்ட் பை நார்த்' உண்டு. 'நார்த் பை நார்த்வெஸ்ட்' இல்லை. வடவடமேற்குக் காற்று வீசும்போது மட்டுமே தனக்குப் பித்து என்று ஹாம்லெட் கூறுவதோடு இதனை இணைத்துப் பார்ப்போர் உண்டு. அங்கும் திசை வேறு.

சொல்லும் பொருளும் பிரிந்து நிற்கும் இவ்வமைப்பு உரையாடலே இல்லாத காட்சியிலும் தொடர்கிறது என்பதே வியப்பு. காப்லனைச் சந்திக்கலாம் என்று அனுப்பப்பட்ட தார்ன்ஹில் இந்தியானாவில் ஆளரவமற்ற சாலை நிறுத்தத்தில் பேருந்திலிருந்து இறங்குகிறார். (படப்பிடிப்பு நடந்தது கலிஃபோர்னியாவில்.) கார்கள் வருகின்றன, போகின்றன. இசை இல்லை. எதிர்ப்புறம் ஒருவர் வந்து நிற்கிறார். உங்கள் பெயர் காப்லனா என்று கேட்கிறார் தார்ன்ஹில். அல்ல என்பதால் ஆம் என்று சொல்வதற்கில்லை என்பது அந்த நாட்டுப்புற மனிதரின் விடை. படத்திலேயே இப்பெயர் பற்றிச் சொல்லப்பட்ட தெளிவான வாக்கியம் இதுவாகும். தம் பேருந்தில் ஏறுமுன் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: தொலைவில் பறக்கும் விமானம் பயிரே இல்லாத இடத்தில் பயிருக்கு மருந்து தூவுகிறது என்று. ஆள் இல்லாத பெயரைப் போலவே பயிர் இல்லாத மருந்தடிப்பு. எச்சரிக்கை என்ற எண்ணமே இன்றிச் சொல்லப்பட்ட அச்செய்தி வாக்கியம் எச்சரிக்கையாவதற்குள் பேருந்து போய்விடுகிறது. இருண்ட தெருமுனையில் கொலையாளிக்குக் காத்திருக்கும் வழக்கமான காட்சியைத் தவிர்க்கவே பட்டப்பகலையும் வெட்டவெளியையும் தேர்ந்ததாக ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் கூறினார். விமானம் எண்ணெய் வண்டியில் மோதி வெடிக்கும் வரை ஹெர்மனின் இசை எழுவதில்லை.

சிகாகோ ஏலக் காட்சி இதற்கு மறுதலையானது. வாயில்கள் எல்லாம் அடைக்கப்பட்ட நிலையில் தார்ன்ஹில்லுக்குக் கிடைத்த ஒரே கருவி பேச்சு. ஏலம் என்பது சொல்லே செயலாகும் களம். விலையைச் சொல்வதே விலைக்குக் கேட்பதாகும். ஜே.எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இத்தகைய செயற்கூற்றுகளும் அவை செல்லுபடியாகாமல் போகும் வழிகளும் பேசப்பட்டன. 1962இல் அவை நூலாயின. தார்ன்ஹில் அவ்வழிகளில் சிலவற்றைத் தேர்ந்து கையாள்கிறார். கேட்ட விலைக்குக் குறைந்த விலை சொல்கிறார். பொருள் போலி இல்லை என்று எப்படி நம்புவது என்கிறார். 13 டாலர் என்று கூவுகிறார். அவர் சொல்வன எல்லாம் இலக்கணப் பிழையற்ற வாக்கியங்களே. களத்தின் விதி குலைந்ததால் காவலர் வந்து அவரைக் கொண்டுசெல்கின்றனர். அதுவே அவர் வேண்டியது. பின்னர்க் காவல் வண்டியில், தாமே தேடப்படும் கொலையாளி தார்ன்ஹில் என்று உண்மைப் பெயரைச் சொல்கிறார். அவர்கள் அவரை நிலையத்துக்குக் கொண்டுசெல்லாமல் வானூர்தி நிலையத்தில் பேராசிரியரிடம் ஒப்படைக்கின்றனர். உண்மைப் பெயருக்கும் இப்போது விலை இல்லை.

அவ்வானூர்தி நிலையத்தில் பேராசிரியர் எல்லாவற்றையும் தார்ன்ஹில்லுக்கு விளக்குகிறார். விளக்கத்தின் நடுவே விமானப் பொறிகளின் ஓசை எழுந்து அவர் சொற்களை மூடிவிடுகிறது. உதடுகள் அசைகின்றன; நமக்கு ஒன்றும் கேட்பதில்லை. பார்ப்பவர்க்கு முன்பே தெரிந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்ற சிக்கனம் இது. அரசு தன் செயலுக்குத் தரும் விளக்கம் கேட்கத் தேவையற்றது என்ற குறும்பும் அதில் உண்டு. எந்தத் துறையைச் சேர்ந்தவர் என்ற வினாவுக்கு, எல்லாம் ஒரே எழுத்துக் கூட்டுதான் என்னும் வகையில் அவர் விடையளிப்பதும் அங்கேதான். (உதட்டசைவும் ஒலியும் மாறுபடும் மற்றோர் இடம் தொடர்வண்டி உணவுக் காட்சி. வெறுவயிற்றில் காதலைப் பற்றிப் பேசுவதில்லை என்கிறாள் ஈவ். பேசுவது என்ற சொல் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. உதடு சொல்லும் சொல் அதைவிடத் துணிவானது.)

வான்டாம் எந்த நாட்டிற்காக உளவு பார்க்கிறார்? சிலைக்குள் உள்ள நுண்படச் சுருளில் இருப்பது என்ன? படம் இவற்றைச் சொல்வதில்லை. அரசு இரகசியங்கள் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. கதைமாந்தர் உயிரைக் கொடுத்துத் தேடுவதும் பார்ப்பவர் பொருட்படுத்தாததுமான பொருளை ஹிட்ச்காக் 'மெக்கஃபின்' என்று அழைத்தார். தம் மெக்கஃபின்களுள் மிகச் சிறந்தது, அதாவது மிக வெறுமையானது, இப்படத்தினதே என்று அவர் த்ரூஃபோவிடம் கூறினார். அதன் பயனை அவருடைய பிற்காலப் படங்களே காட்டும். 'டார்ன் கர்ட்டன்' (1966) கிழக்கு ஜெர்மனியைப் பெயர் சொல்லிக் காட்டியது. 'டோபாஸ்' (1969) 1962ஆம் ஆண்டு கியூபா நெருக்கடியைக் கருவாகக் கொண்டது. அதே இயக்குநர், அதே வகைக் கதை. ஆயினும் அவ்விரண்டையும் விரும்பித் திரும்பப் பார்ப்போர் குறைவு. இதனைப் பொதுவிதியாக்கவும் கூடாது. 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' (1965) பெர்லின் சுவரையே களமாகக் கொண்டும் நின்று நிலவுகிறது. அங்கே துயரம் குறிப்பிட்ட இடத்திற்கும் காலத்திற்கும் உரியது. அதுவே அதன் வலிமை. ஹிட்ச்காக்கிடம் பெயர்கள் காலியாக இருப்பதால் ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து அச்சத்தை அவ்விடத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. கோப்பில் உள்ள பெயர்க்குழப்பத்தால் பயணமோ வேலையோ மறுக்கப்பட்டவர், தாம் வேறு, கோப்பில் உள்ளவர் வேறு என்று மெய்ப்பிக்க முடியாமல் நிற்பவர், இவர்களுக்குத் தார்ன்ஹில்லின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

படத்தின் குறை ஈவ் கெண்டலின் பாத்திர அமைப்பில் உள்ளது. தார்ன்ஹில் தற்செயலாகப் பலியாடானவர்; அவளோ நிறுவனத்தார் அறிந்தே அனுப்பிய உண்மையான ஒற்றர். காப்லன் என்ற பொய் காக்க வேண்டியது அவளை. அவளுடைய இடர் தார்ன்ஹில்லுடையதைவிடப் பெரிது. முடிவும் அவள் கையில் இல்லை. ரஷ்மோரில் அவளை வான்டாமுடன் விமானம் ஏற்றி அனுப்பப் பேராசிரியர் துணிந்தபோது, இத்தகைய பெண்களை இவ்வாறு பயன்படுத்தாமல் வெல்ல முடியாதென்றால் சில பனிப்போர்களில் தோற்கக் கற்றுக்கொள்வது நல்லது என்று தார்ன்ஹில் சினக்கிறார். முன்பே தோற்றுக்கொண்டுதான் இருக்கிறோம் என்கிறார் முதியவர். படத்தில் அரசியல் என்று சொல்லத்தக்க உரையாடல் இதுவே. ஆயினும் அதனைப் பேசுவதற்கு ஈவுக்கு இடம் தரப்படவில்லை. பைன் மரக் காட்டில் அவள் தன் கதையைச் சில வாக்கியங்களில் சொல்லி முடித்துவிடுகிறாள். ஈவா மேரி செயின்ட்டின் அடங்கிய நடிப்பு அந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்புகிறது என்பது உண்மை. எழுதப்படாததை நடிகை ஈடுசெய்ததாகவே அதைக் கொள்ள வேண்டும்.

மலைமுகத்தில் வான்டாமின் கையாள் லெனார்ட் சுடப்பட்டு வீழ்கிறான். சிலை உடைந்து நுண்படச் சுருள் வெளித்தெரிகிறது. அதை எடுத்துப் பார்ப்பவர் எவருமில்லை. பிடிபட்ட வான்டாம், உண்மைத் தோட்டாவைப் பயன்படுத்தியது ஆட்ட ஒழுங்குக்குப் பொருந்தாது என்று எள்ளலாகக் கூறுகிறார்; உணவகத்துப் போலித் தோட்டாவை அறிந்தவர் அவர். பாறை விளிம்பில் தொங்கும் ஈவைத் தார்ன்ஹில் கைகொடுத்து மேலே இழுக்கிறார். அதே இழுப்பு தொடர, காட்சி மாறித் தொடர்வண்டியின் மேற்படுக்கைக்கு அவளை ஏற்றிக்கொள்கிறார். அப்போது அவளைத் 'திருமதி தார்ன்ஹில்' என்று அழைக்கிறார். கெண்டல் என்ற பெயர் அதற்குப்பின் ஒலிப்பதில்லை. வண்டி குகைக்குள் நுழைகிறது.